மாவுப்பூச்சியை விடுங்கள், முதலில் எறும்பைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் கத்தரியும் செம்பருத்தியும் வளர்க்கிறேன். போன கோடையில் கத்தரி இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. மருந்து வாங்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு ஆயா, பொன்னேரிப் பக்கம் வயல் வேலை பார்த்தவர், தண்டில் ஏறிய எறும்பு வரிசையைக் காட்டினார்.

“இது ஏறுற வரைக்கும் நீ இன்னா அடிச்சாலும் பூச்சி போவாதும்மா.”

மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது; தின்ன வரும் பொறிவண்டையும் துரத்துகிறது. சரி என்று செடித்தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். சுவரில் உரசிய கிளைகளையும் வெட்டினோம், அதுவும் எறும்புக்கு வழிதானே.

அப்புறம் வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை ஆயாவிடம் எப்போதும் இருக்கும். பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகே அடியுங்கள். வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற பொருள் வெயிலில் சிதைந்துவிடும். இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையட்டும். உடனே பூச்சி சாகாது, அதன் பசியும் வளர்ச்சியும்தான் கெடும். அதனால் பொறுமை வேண்டும்.

எறும்பு நின்றதும் செடியில் ஒரு புது ஆள். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை, உடம்பெல்லாம் நூல் நூலாக மெழுகு, ஆனால் அளவில் பெரிது, வேகமாக நகர்ந்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு அது. தயவுசெய்து அதை நசுக்கிவிடாதீர்கள்! 2008இல் கோவையில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சியையும் கடைசியில் அடக்கியது 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான். விஷம் அடித்தால் முதலில் சாவது இவைதான்.

மீன் அமிலத்தைப் பூச்சி மருந்தென்று சிலர் சொல்கிறார்கள். அது வளர்ச்சி ஊக்கி. காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்களிடம் கழிவு கேட்டால் கொடுப்பார்கள். சம எடை வெல்லம் சேர்த்து மூடி நொதிக்கவிட்டு, வடித்த சாற்றை லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்தால் போதும். மாவுப்பூச்சி இருக்கும்போது மட்டும் கொடுக்காதீர்கள், தளிர் கொழுத்தால் சாறு உறிஞ்சும் பூச்சி இன்னும் கூடும்.