ஜிம்முக்கு வந்த கடிதம்

அண்ணன்: (படம்)

அண்ணன்: இன்று தபாலில் வந்தது. ஜிம்மில் பாட்டுப் போட லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். உண்மையா, ஏமாற்று வேலையா? யாருக்காவது தெரியுமா?

பெரியப்பா: பாட்டுக்குக் கட்டணமா! நாளைக்கு விசிலடித்தாலும் ரசீது கேட்பார்கள்.

அத்தை: நீதான் மாதாமாதம் அந்தப் பாட்டு ஆப்புக்குப் பணம் கட்டுகிறாயே?

அண்ணன்: அதைத்தான் அத்தை நானும் கேட்கிறேன். பிரீமியம் கணக்கு. விளம்பரம்கூட வராது.

மாமா: மாப்பிள்ளை, அந்த ஆப்பின் விதிமுறைகளைத் திறந்து பார். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கும். நீ காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்குத்தான் அந்தப் பணம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஸ்பீக்கரில் போடுவதற்கு இல்லை. ஓட்டலில் நான் மேனேஜராக இருந்தபோது வருடா வருடம் இந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறேன்.

அண்ணன்: ஆனால் மாமா, பாட்டுக்கென்று நான் யாரிடமும் தனியாகக் காசு வாங்குவதில்லையே?

மாமா: இதையே ஒரு நியூயார்க் உணவகம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொல்லிப் பார்த்தது. விக்டர் ஹெர்பர்ட் என்ற இசையமைப்பாளர் தொடுத்த வழக்கு, தீர்ப்பு 1917-இல். சாப்பாட்டுக்குத்தான் காசு வாங்குகிறோம், இசைக்கு இல்லை என்றார்கள். இசையால் லாபம் இல்லை என்றால் அதை எப்போதோ நிறுத்தியிருப்பீர்களே என்கிற மாதிரி எழுதிவிட்டார் நீதிபதி ஹோம்ஸ்.

அண்ணன்: நான் நிறுத்தினால் டிரெட்மில்லில் ஒருவரும் பத்து நிமிடம் தாங்க மாட்டார்கள்.

மாமா: பிறகென்ன, தீர்ப்பை நீயே எழுதிவிட்டாய்.

அக்கா: அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. பாட்டு எழுதி மேடையேறுகிற எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. 1847-இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் ஒரு கஃபேயில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பில்லைக் கட்ட மாட்டேன் என்றாராம். என் பாட்டை நீங்கள் சும்மா பாடுகிறீர்கள், உங்கள் தண்ணீரை நான் சும்மா குடிக்கிறேன், சரியாகப் போயிற்று என்று. வழக்கு அவர் பக்கமே முடிந்தது. பாட்டு எழுதியவர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் சாசெம் அமைப்பு 1851-இல் பிரான்ஸில் உருவாக அதுதான் தொடக்கம். இப்போது அண்ணனுக்குக் கடிதம் போட்டிருப்பதும் அந்த வகை அமைப்புதான்.

பெரியப்பா: அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

நான்: அண்ணா, கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலிப்பதிவு உரிமை என்றுதான் இருக்கிறது. அப்படியானால் இசையமைத்தவருக்கு?

மாமா: சரியான கேள்வி. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், அவர்களுடைய வெளியீட்டு நிறுவனத்துக்கும் உரியது. அந்தப் பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. அது பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனி கையில் இருக்கும். பல நாடுகளில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி பில். அதனால் இன்னொரு கடிதமும் வரலாம், பதறாதே.

அண்ணன்: இன்னொன்றா!

மாமா: நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கடைக்காரர்கள் வரிக்கும் மெட்டுக்கும் மட்டும் கட்டினால் போதும், ஒலிப்பதிவுக்குக் கட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் இரண்டு அமைப்புகளும் 2018-இல் கைகோத்து ஒரே லைசென்ஸாக ஆக்கிவிட்டார்கள். புத்திசாலித்தனம். மற்ற இடங்களில் ஏன் செய்யமாட்டேன் என்கிறார்களோ!

பெரியப்பா: நான் ஒரு வழி சொல்கிறேன். பீத்தோவனைப் போடு. அவர் 1827-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்கா: பீத்தோவன் கேட்க மாட்டார் பெரியப்பா. ஆனால் சமீபத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. நீங்களே உட்கார்ந்து வாசித்தால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

பெரியப்பா: நான் வாசித்தால் ஜிம்மே காலியாகிவிடும்.

அத்தை: ரேடியோ வைத்துவிட்டால்?

மாமா: நிலையம் கட்டுவது ஒலிபரப்புக்கு. அதைக் கடையில் வைப்பது வேறு கணக்கு என்பார்கள் பல நாடுகளில். அமெரிக்காவிலோ 1998-இல் சின்னக் கடைகளுக்குச் சட்டத்திலேயே விலக்குக் கொடுத்தார்கள். அதை எதிர்த்து ஐரோப்பியர்கள் உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2000-இல் ஜெயித்தும் விட்டார்கள். ஆனாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அண்ணன்: சரி, உன் வழிக்கே வருகிறேன். தங்கச்சி, நீ எழுதிய பாட்டை மட்டும் போடுகிறேன். எனக்குச் சும்மா கொடுத்துவிடு. லைசென்ஸே வேண்டாம்.

அக்கா: ஆசைதான் அண்ணா. ஆனால் உறுப்பினராகச் சேர்ந்தபோது என் பாட்டுகளின் பொது நிகழ்த்து உரிமையை, அதாவது பொது இடத்தில் பாடவோ போடவோ அனுமதிக்கும் உரிமையை, எங்கள் அமைப்பிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பாட்டைப் போடச் சொந்த அண்ணனுக்குக்கூட நானாக அனுமதி தர முடியாது.

பெரியப்பா: இது என்ன கூத்து!

அக்கா: கூத்துதான், ஆனால் அதனால்தான் பணம் வருகிறது. ஒவ்வொரு கடைக்காரரிடமும் நான் போய் நிற்க முடியுமா? போன மாதம் ஒரு கச்சேரியில் பாடினோம். லைசென்ஸ் எடுத்தது அரங்கத்துக்காரர்கள். நான் செய்தது பாட்டுப் பட்டியல் கொடுத்தது மட்டும்தான். என் பாட்டை நானே பாடினாலும் அதற்கு எனக்கு ராயல்டி, அதாவது உரிமைத் தொகை, உண்டு. பட்டியலில் பாடியவர் பெயரை எல்லோரும் மறக்காமல் எழுதுவார்கள், இசையமைத்தவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்புறம் பணம் யாருடையது என்று தெரியாமல் அங்கேயே கிடக்கும்.

நான்: ஜிம்மில் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும்? அண்ணன் கட்டுகிற பணம் எப்படிப் பிரியும்?

அக்கா: வயிற்றெரிச்சலே அதுதான். ஒரே தொகையைக் கட்டிவிட்டு எதை வேண்டுமானாலும் போடலாம், அது கடைக்குச் சௌகரியம். பிரிக்கும்போது பெரும்பாலும் ரேடியோவிலும் ஆப்பிலும் என்ன ஓடியது என்ற கணக்கையோ மாதிரிக் கணக்கெடுப்பையோ வைத்துப் பிரிப்பார்கள். ஹிட்டான பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேரும். நீ நாள் முழுக்க என் பாட்டைப் போட்டாலும் அந்தக் கணக்கில் நான் இருக்க மாட்டேன். சேவைக்கு வேறு கமிஷன் கழிப்பார்கள்.

மாமா: அதற்குத்தான் கடைகளுக்கென்றே இருக்கிற இசைச் சேவைகளைப் பார்க்கச் சொல்கிறேன். எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். சிலவற்றில் லைசென்ஸும் சேர்ந்தே வரும், சிலவற்றில் வராது. கேட்டுவிட்டுச் சேர்.

அண்ணன்: இப்போது நான் என்ன செய்ய?

மாமா: முதலில் கடிதத்தில் இருக்கிற எண்ணைக் கூப்பிடாதே. அமைப்பின் வலைத்தளத்தை நீயாகத் தேடிப் போய் அங்கிருக்கிற எண்ணைக் கூப்பிடு. யாருடைய பாட்டுகள் உங்கள் கையில் இருக்கின்றன, சட்டப்படி வசூலிக்கும் அதிகாரம் எங்கே என்று கேள். கட்டண அட்டவணையையும் அனுப்பச் சொல். தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் போனை வை. படிவத்தில் பரப்பளவு கேட்பார்கள். பின்னணியில் ஓடுவதும் ஏரோபிக்ஸ் வகுப்புக்குப் போடுவதும் பல இடங்களில் வெவ்வேறு கட்டணம், கலந்து எழுதிவிடாதே.

அண்ணன்: உடை மாற்றும் அறையும் பரப்பளவில் சேருமா?

மாமா: அங்கே ஸ்பீக்கர் இருக்கிறதா?

அண்ணன்: ஒன்று இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, கதவு சத்தம்தான் அதிகம்.

மாமா: அப்படியானால் இன்றைக்கே கழற்று. பாட்டுக் கேட்கிற இடத்தை மட்டும் அளந்து எழுது.

அத்தை: கழற்றியதை எனக்குக் கொடுத்துவிடு. வீட்டில் வைத்துக்கொள்கிறேன், அதற்கு லைசென்ஸ் வேண்டாமே?

மாமா: வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்.