சொல்லும்போது ஊற்றெடுக்கும் கதை, எழுதும்போது வற்றிவிடுவது ஏன்?

பெரம்பூர்த் தாய்:
வணக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் 7 வயது மகள், மெரினா கலங்கரை விளக்கம் பகலில் எங்கே தூங்கப் போகிறது என்று இரவில் அரை மணி நேரம் கதை சொல்கிறாள். அதையே எழுதச் சொன்னால், "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவர் நல்லவர்" என்பதோடு பென்சிலை வைத்துவிடுகிறாள். நான் எங்கே தவறுகிறேன்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாப்பூர்:
உங்கள் மகளிடம் கதைக்குப் பஞ்சமில்லை; கைதான் பின்தங்குகிறது. சின்ன ரகரமா பெரிய றகரமா என்று யோசித்து முடிப்பதற்குள் கலங்கரை விளக்கம் கண்ணைவிட்டு மறைந்துவிடும். போதாததற்கு, "வந்துச்சு" என்று மனத்தில் ஓடுவதை "வந்தது" என்று மாற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழியில் இது சிறு பிள்ளைக்குப் பெருஞ்சுமை. ஆகவே சில வாரங்கள், அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லையும் திருத்தாமல் நீங்களே எழுதுங்கள். அதைப் படித்துக் காட்டும்போது, "இல்லை, அப்போது மழை பெய்தது" என்று அவளே இடைமறிப்பாள். கதையைச் செப்பனிடும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. கதை மாந்தரின் பேச்சு மட்டும் பேச்சுத் தமிழிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரு பிள்ளைகளின் தந்தை, அடையாறு:
அம்மையார் கூறியது சரியே. ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். நானே நெடுநாள் எழுதிக்கொடுத்ததால், என் மூத்தவன் மூன்றாம் வகுப்பிலும் பென்சிலைத் தொட மறுத்தான். பிறகு ஒரு தாளை நான்காக மடித்து, கட்டத்துக்கு ஒரு படமும் அதன் கீழ் ஒரு வரியும் என்று தொடங்கினோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், படக்கதையின் கடைசிப் பக்கத்தை மறைத்துக்கொண்டு முடிவைக் கேட்பேன். "அப்புறம்?" என்பதைவிட, "அதற்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்டால் கதை நகர்கிறது. கதையின் நீதியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த கதை வராது.

பெரம்பூர்த் தாய்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அவள் சொல்ல நான் எழுதினேன். கலங்கரை விளக்கம் 29சி பேருந்தில் ஏறிப் பெசன்ட் நகர் போகிறது. அதற்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று நடத்துநரோடு சண்டை. "நீ ரொம்ப ஒசரம், முழு டிக்கெட் எடு" என்ற வரியை அவளே எழுதினாள். 'டிக்கெட்'டில் ஒரு புள்ளி குறைகிறது, நான் தொடவில்லை.