கிணற்றுத் தண்ணீரில் காட்டு பெட்டா: ஆண் மீன் முட்டையை விழுங்கிவிடுகிறது, உதவி தேவை

கோண்டாவில் தம்பி:
வணக்கம். ஐந்து மாதமாக ஒரு சோடி பெட்டா சன்னாய்டெஸ் வளர்க்கிறேன். ஆண் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும் சின்ன மீன் இது. 60 லீற்றர் தொட்டி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். ஆண் இரண்டு முறை முட்டையை வாயில் எடுத்தது. கீழ்த்தாடை பை மாதிரித் தொங்கும், சாப்பாடு போட்டாலும் திரும்பாது. நாலாம் நாள் காலையில் தாடை ஒட்டிவிடும், முட்டை இராது. இப்போது செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது. தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.1. அமிலக் கரைசல் விட்டு 6.5க்கு இறக்கினால் மறுநாள் பழையபடி 8. பி.எச். இறங்கும் என்று நாட்டு வாதுமை இலையும் போட்டேன். தண்ணீர் தேநீர் நிறமானதுதான் மிச்சம்.

சாவகச்சேரி அக்கா:
தொட்டிக்குள் என்ன கல் கிடக்கிறது?

கோண்டாவில் தம்பி:
மூன்று முருகைக்கல் அக்கா. மீன் ஒளிக்கட்டும் என்று வைத்தேன்.

சாவகச்சேரி அக்கா:
முதலில் அதை வெளியே எடுங்கோ. ஒரு கல்லில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கோ, நுரைக்கும். அது சுண்ணாம்பு. ஆனால் கல் பாதிப் பிழைதான், மீதி கிணற்றில் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது, கேத்திலுக்குள் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்று என்ற சுண்ணாம்பு உப்பு நீங்கள் விடும் அமிலத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பி.எச். திரும்பத் திரும்ப ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் 8ஐ விடக் கெடுதல். இன்றோடு அமிலத்தை நிற்பாட்டுங்கோ.

இந்த மீனின் ஊர் போர்னியோவில் மகாகம் ஆற்றுப் பக்கம். இலை ஊறிக் கறுத்த, சுண்ணாம்பே இல்லாத ஓடைத் தண்ணீர். பி.எச். 5, 6 என்றால் அதற்குச் சுகம். எனவே தண்ணீரை மாற்றுங்கோ: மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர் (உப்பெல்லாம் வடிகட்டி எடுத்த தண்ணீர்). மாரி தொடங்கியதும் முதல் மழையை விட்டுவிடுங்கோ, கூரைத் தூசும் காக்கை எச்சமும் கழுவுப்படட்டும். பிறகு பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, நுளம்பு போகாமல் வலை கட்டுங்கோ. சீமெந்துத் தொட்டியில் பிடித்தால் அதுவும் சுண்ணாம்பு விடும்.

ஒரே நாளில் மாற்றினால் மீன் செத்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு லீற்றர், சொட்டுச் சொட்டாக. தண்ணீரில் சுண்ணாம்பு குறைந்து மென்மையான பிறகுதான் வாதுமை இலை வேலை செய்யும்.

நல்லூர் அண்ணை:
அக்கா சொல்வது சரி. இளம் ஆண்கள் முதல் இரண்டு மூன்று தடவை முட்டையை விழுங்குவது வழமை, மனம் விடவேண்டாம். தொட்டிக்கு முன்னால் ஆள் நடமாட்டத்தையும் குறையுங்கோ, பயந்தாலும் விழுங்கும். மூடியை இறுக்கமாகப் போடுங்கோ, இவை நன்றாகத் துள்ளிப் பாயும்.

கோண்டாவில் தம்பி:
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கல்லை எடுத்து, ஆர்.ஓ. தண்ணீருக்கு மெல்ல மாறினேன். பி.எச். 6.2, அசையாமல் நிற்கிறது. செட்டை விரிந்துவிட்டது. ஆண் மறுபடி முட்டை எடுத்திருக்கிறது, இன்று ஆறாம் நாள், தாடை இன்னும் தொங்குகிறது. தொட்டியின் முன்பக்கத்துக்குத் துவாய் போட்டிருக்கிறேன். பெண்ணைப் பிரிக்கவா?

சாவகச்சேரி அக்கா:
வேண்டாம் தம்பி, வலை போட்டால் ஆண் கலங்கிவிடும். செடி அடர்த்தியாக இருந்தால் போதும். இரண்டு கிழமை அளவில் குஞ்சைத் துப்பும், குஞ்சுக்குச் சாப்பாடாக ஆட்டீமியா (பொடி இறால் மாதிரி உயிர்) முட்டையை இப்போதே வாங்கி வையுங்கோ.