128 ஆன்டெனா, 16 பயனர்: நேர்மாறு எடுக்கத்தான் வேண்டுமா?

அலைக்கற்றை:
128 ஆன்டெனா உள்ள மொபைல் அடிநிலையம், ஒரே அலைவரிசையில் 16 பயனர்; கலந்து வரும் சிக்னலிலிருந்து ஒவ்வொருவரும் அனுப்பியதைப் பிரித்தெடுக்க வேண்டும். 64-க்யூஏஎம் (ஒவ்வொரு குறியீடும் 64 சாத்தியங்களில் ஒன்று) என்றால் 64-இன் 16-ஆம் அடுக்கு சேர்க்கைகள். அத்தனையையும் தேடுவது நடக்காத காரியம். அதனால் எம்எம்எஸ்இ, அதாவது சராசரி வர்க்கப் பிழையை மிகக் குறைவாக்கும் நேரியல் முறை. அதற்கும் 16×16 அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறு வேண்டும். பயனர் இரட்டித்தால் அந்த வேலை எட்டு மடங்கு. நேர்மாறை உறுப்பு உறுப்பாகக் கூட்டி நெருங்கும் நியூமன் தொடரில் மூன்று உறுப்போடு நிறுத்திக்கொண்டால் என்ன? ஆன்டெனா பெருகப் பெருக கிராம் அணியில் (பயனர்களின் தடங்கள், அதாவது சிக்னல் வரும் வழிகள், எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் அணி) மூலைவிட்டம்தான் ஓங்கி நிற்கும்; தோராயமே போதும்.

கணக்கன்:
செலவு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கிராம் அணியை உருவாக்கவே, சமச்சீரைப் பயன்படுத்தினாலும், 17,408 கலப்பெண் பெருக்கல். சோலெஸ்கி வழியில் (அணியை முக்கோண அணிகளாகப் பிரிப்பது) நேர்மாறுக்குச் சுமார் 2,048தான். நீங்கள் சொல்லும் மூன்று உறுப்புக்கும் அணியை அணியால் பெருக்க வேண்டும், அதுவும் முப்படிக் கணக்கு. மிச்சம் என்ன?

சிலிக்கான்வாசி:
பெருக்கலை மட்டும் எண்ணினால் எப்படி கணக்கரே? கிராம் அணியை நூறு பெருக்கிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் முடிக்கலாம். சோலெஸ்கியில் ஒரு நிரல் முடியாமல் அடுத்தது நகராது; வகுத்தலும் வர்க்கமூலமும் வேறு. சிப்பில் தாமதம் அங்கேதான். நேர்மாறையே விட்டுவிட்டு, விடையைச் சுற்றுச் சுற்றாக நெருங்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் ஓட்டுங்கள்.

கணக்கன்:
அதை ஒவ்வொரு குறியீட்டுக்கும் மறுபடி ஓட்ட வேண்டுமே! 3 சுற்றுக்கு 768 பெருக்கல். நேர்மாறு கையில் இருந்தால் 256 போதும். ஒரு ஸ்லாட்டின் (அனுப்பும் நேரத் துண்டு) 14 குறியீட்டுக்கும் தடம் மாறாவிட்டால் உங்களுக்கு 10,752, எனக்கு நேர்மாறையும் சேர்த்து 5,632. அப்புறம், பிழை திருத்தும் டிகோடருக்கு ஒவ்வொரு பிட்டின் நம்பகத்தன்மை மதிப்பு கொடுக்க நேர்மாறின் மூலைவிட்டமும் தேவை.

அலைக்கற்றை:
ரயிலில் போகிறவருக்குத் தடம் அவ்வளவு நேரம் நிற்காது. அந்த மூலைவிட்டத்தையும் தோராயமாக எடுத்தால் பெரிய இழப்பில்லை.

கணக்கன்:
ஆன்டெனா ஏராளமாக இருக்கும்வரை சரி. சீரற்ற தடத்தில் 128-க்கு 16 என்றால் கண்டிஷன் எண் (பெரிதானால் கணக்கு கடினம் என்று காட்டும் அளவு) 4.4 அளவு. ஆன்டெனாவை 32 ஆக்குங்கள், 34 ஆகிவிடும். நியூமன் தொடர் ஒருங்கவே ஒருங்காது, விடையை நெருங்காது. ஒரே மைதானத்தில் நெருங்கி நிற்கும் பயனர்கள் என்றால் இதைவிட மோசம்.

சிலிக்கான்வாசி:
நியூமனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கான்ஜுகேட் கிரேடியன்ட் அங்கேயும் ஒருங்கும், சுற்றுதான் கூடும்.

கணக்கன்:
சுற்று கூடினால் தாமதம் கூடும். நீங்கள் சோலெஸ்கியை விட்டதே அதற்காகத்தானே?

சிலிக்கான்வாசி:
மோசமான தடத்துக்கு 8 சுற்றுவரை நேரம் ஒதுக்கி வைப்பேன். நல்ல தடத்தில் 3-லேயே நிறுத்திவிட்டு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பேன். சோலெஸ்கியைப் பாதியில் நிறுத்த முடியுமா?