ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸ்: மல்டி-ஏஇசட்டில் எதை எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு கண் மருத்துவமனையின் டோக்கன் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் அமேசான் ஆர்டிஎஸ் (அமேசானே பராமரித்துத் தரும் டேட்டாபேஸ் சேவை) போஸ்ட்கிரெஸ், மும்பை ரீஜன், ஒரே ஏஇசட் (அவைலபிலிட்டி ஸோன், அதாவது ரீஜனுக்குள் தனித்து இயங்கும் டேட்டா சென்டர் தொகுதி). காலையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் டேட்டாபேஸ் நின்றால் அடுத்து யாரை அழைப்பது என்றே தெரியாது. அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஏஇசட்டில் ஓடும் மல்டி-ஏஇசட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். அதில் இன்ஸ்டன்ஸ், கிளஸ்டர் என்று இரண்டு வகை.

மல்டி-ஏஇசட் இன்ஸ்டன்ஸ் என்றால் ஒரு ஸ்டாண்ட்பை (வேறு ஏஇசட்டில் தயாராக நிற்கும் நகல்); அதிலிருந்து படிக்க முடியாது, ஃபெயில்ஓவருக்கு (முதன்மை டேட்டாபேஸ் நின்றால் நகலுக்கு மாற) வழக்கமாக 60 முதல் 120 விநாடி. கிளஸ்டரில் படிக்கக்கூடிய ஸ்டாண்ட்பை இரண்டு, பொதுவாக 35 விநாடிக்குள் மாறிவிடும். ஆனால் மூன்று இன்ஸ்டன்ஸுக்குக் காசு, அப்புறம் நாங்கள் வைத்திருக்கும் டி வகை இன்ஸ்டன்ஸும் (விலை குறைந்த சர்வர் வகை) அதில் கிடையாது.

எனக்கு இன்ஸ்டன்ஸே போதும் என்று படுகிறது. ஃபெயில்ஓவரைச் சோதித்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் கனெக்‌ஷன் பூல் (ஆப் திறந்தே வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) தானாக மீண்டதா, ஆப்பை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்ததா?