வாசகசாலைச் சுவரில் யார் படம்?

குழித்துறைக்காரன்:
களியக்காவிளைப் பக்கம் எங்கள் வாசகசாலைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறோம். மூளை ஆய்வில் பேர் பெற்ற நாலு பேர் படத்தை மாட்டி, ஒரு பாராட்டுக் கூட்டமும் வைக்கலாம் என்றேன். நரம்பணுக்களை வரைந்துகாட்டிய காஹால், நினைவை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், நம்ம வி. எஸ். ராமச்சந்திரன், அப்புறம் 1949இல் வேலூரில் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி. கமிட்டியில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரப்பர்பால்:
அண்ணே, குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணி படம் இருக்கிற சுவர் அது. இவர்களுக்குப் பத்ம விருது, நோபல் என்று கிடைத்தாயிற்று. நம்ம மாலை இல்லாமல் என்ன குறை? 1949இல் மோனிஸ் என்ற போர்த்துகீசியருக்கும் நோபல் கொடுத்தார்கள். மனநோயாளிகளின் மண்டையைத் துளைத்து முன்மூளை இழைகளை வெட்டியதற்கு! பின்னால் அந்த முறையையே கைவிட்டார்கள். மாட்டிவிட்டுக் கழற்றுவதா?

குழித்துறைக்காரன்:
மோனிஸ் படத்தை யார் கேட்டது? ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் படித்தவர். வெட்டி எடுத்த கை இன்னும் வலிக்கிறது என்பவர்களுக்கு, ஒரு பெட்டிக்குள் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை அசைத்தால் போன கை அசைவதுபோலத் தெரியும். சிலருக்கு வலி விட்டது. மர மில்லில் கை போனவர்கள் நம்ம ஊரில் இல்லையா?

ரப்பர்பால்:
'சிலருக்கு' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பாறசாலை டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். என் வகுப்பில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வகுப்பு சார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். பையன் விரல்கள் இறுகி, சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்து ரத்தம். இரண்டு நிமிஷத்தில் வலிப்பு தானாக நின்றது. இரும்புதான் நிறுத்தியது என்று சார் இன்றும் சொல்கிறார். காலையில் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஆளுக்கொரு சாவிக்கதை இருக்கும்.

மில்னருக்கு என் ஓட்டு உண்டு. ஹென்றி மொலைசனுக்கு 1953இல், 27 வயதில், வலிப்பை நிறுத்த மூளையின் இரு பக்கமும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார் மில்னர். நாளுக்கு நாள் கை திருந்தியது, முந்தின நாள் வரைந்தது மட்டும் ஞாபகம் இல்லை. கைப்பழக்கம் வேறு, நினைவு வேறு என்று அதில் தெரிந்தது. மில்னருக்கு 2014இல் மூளை ஆய்வுக்கான காவ்லி பரிசு வந்தது. மொலைசன் 2008இல் சாகும்வரை உலகத்துக்கு வெறும் 'எச். எம்.' அவர் படமும் வேண்டும்.

ரப்பர்பால்:
பேரை மறைத்தது அவரைக் காப்பாற்றத்தான், டீச்சர். ஆனால் சாவிக்கொத்து விஷயம் சரி. மாலைச் செலவில் அதற்கு ஒரு கூட்டம் போடலாம்.

குழித்துறைக்காரன்:
வலிப்புக் கூட்டம் என்றால் யார் வருவார்கள்? படம் இருந்தால் 'இது யாரு?' என்று பிள்ளைகளாவது கேட்கும்.

ரப்பர்பால்:
நேசமணியை இதுவரை எத்தனை பிள்ளை கேட்டது?

பாறசாலை டீச்சர்:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பதைச் செய்துகாட்ட ஒரு பாய் எடுத்துவையுங்கள். அந்த சாரையும் கூட்டிவருகிறேன். ஆணி எங்கே அடிப்பது என்று அதற்குள் நீங்கள் பேசி முடியுங்கள்.