அவசரம்: உபுண்டு போட்டதிலிருந்து தமிழ் வரவில்லை

மன்னை டிடிபி:
கடை சிஸ்டத்தில் விண்டோஸ் 10 இருந்தது. 11 ஏறாது என்று அக்கா மகன் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். தமிழ் ஃபைல் ஒன்றும் சரியாக வரவில்லை. சி டிரைவையும் காணோம். காரியப் பத்திரிகைக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். யாராவது உடனே சொல்லுங்கள்.

வெண்ணாறு:
ஃபைல் திறக்கவே இல்லையா, திறந்தும் எழுத்து தெரியவில்லையா? எந்த எழுத்துரு?

குடந்தை கீபோர்டு:
வைரஸ்தான். டிடிபி கடை பென்டிரைவ் என்றால் கேட்கவே வேண்டாம்.

கர்னல் காவலன்:
சி டிரைவ் தேடுகிறவருக்கு உபுண்டு எதற்கு? லினக்ஸில் டிரைவுக்கு எழுத்து கிடையாது. அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

வெண்ணாறு:
அவர் படிக்கும்வரை காரியம் காத்திருக்குமா சார்?

மன்னை டிடிபி:
திறக்கிறது. மேலே 'சிவமயம்' இருந்த இடத்தில் ஆர், பி, டி, கே, ஏ, கே, அப்புறம் ஒரு அரைப்புள்ளி.

வெண்ணாறு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது பாமினி. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் இருக்கும், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். உபுண்டுவில் அந்த எழுத்துரு இல்லை. பழைய டிஸ்கை அழிக்காமல் வைத்திருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருக்கும். அதிலிருந்து பாமினியை எடுத்து, இரண்டு தட்டு தட்டி இன்ஸ்டால் கொடுங்கள். ஃபைலைத் திறக்கிற லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள். இனி பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிக்க ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, லாக் அவுட் செய்து வந்தால் கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99, டைப்ரைட்டர் என்ற இரண்டு கீபோர்டு அமைப்பும் கிடைக்கும்.

குடந்தை கீபோர்டு:
தமிழ்99 எடுங்கள். 1999-இல் அரசே ஏற்ற தளக்கோலம். 'அம்மா' அடித்தால் புள்ளி தானாக விழும்.

பழைய தட்டச்சர்:
டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரலுக்கு அது சரிப்படாது தம்பி. டைப்ரைட்டர் வேகம் அதில் வருமா?

குடந்தை கீபோர்டு:
பழகினால் வரும். பழக மனசு வேண்டும்.

கர்னல் காவலன்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள்.

பழைய தட்டச்சர்:
வைரஸ் என்றவரிடம் முதலில் சொல்லுங்கள்.

மன்னை டிடிபி:
பாமினி வந்துவிட்டது, நன்றி. பிரிண்டர் அசையவில்லை.

வெண்ணாறு:
என்ன பிரிண்டர்?